ஒரு டாலர் சிப்பி சொல்லும் வியாபாரப் பாடம்



நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிர்க்கடையில் விலை குறைந்தது என்று காதில் விழுந்தவுடன், நாமும் விலைப் பலகையை அழித்து எழுதிவிடுவோம். எவ்வளவு குறைக்கலாம் என்று மட்டும் யோசிப்போம். எந்த நேரத்தில் குறைக்கிறோம், எந்தச் சரக்கில் குறைக்கிறோம், யாருக்காகக் குறைக்கிறோம் என்ற மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வதில்லை. இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் விலையைக் குறைத்து, ஒருமுறை நானே கையைச் சுட்டுக்கொண்டவன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். விடை கிடைத்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது கடல் கடந்த ஊரில், சிப்பி விற்கும் ஒரு பெரிய ஓட்டல்.

பாஸ்டனில் ஒரு பிற்பகல்

2018ஆம் ஆண்டு அக்டோபரில், மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தங்கியிருந்தோம். ஒரு நாள் மருமகன் அலுவலகத்திலிருந்து சீக்கிரமாக வந்து, "மாமா, வியாபாரம்னா என்னன்னு ஒரு கடை காட்டறேன், வாங்க" என்று அழைத்துப் போனார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வசதியானவர்கள் வந்து போகும் ஓட்டல் அது. உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேசைகள். இரவில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஓர் ஆளுக்கு 80 டாலருக்குக் குறையாது என்றார் மருமகன். நாங்கள் அந்த மேசைகளுக்குப் போகவில்லை. வாசலை ஒட்டி நீளமான மேடை ஒன்று, அதன் முன்னே உயரமான நாற்காலிகள். மேடைக்குப் பின்னால் மதுப் புட்டிகள். ஒரு பக்கம் உடைத்த ஐஸ் குவியலின்மேல் சிப்பிகள். மணி நான்கு. பலகையில் "சிப்பி ஒன்று ஒரு டாலர், 3 மணி முதல் 6 மணி வரை" என்று எழுதியிருந்தது.

"ஏழு மணிக்கு மேல வந்தா இதே சிப்பி மூணரை டாலர் மாமா" என்றார்.

"பழசா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். நம் புத்தி அப்படித்தானே போகும்!

"காலைல வந்த சரக்கு. ராத்திரி விக்கறதும் இதேதான்."

சிப்பி என்றவுடன் முத்துச் சிப்பி என்று எண்ண வேண்டாம். இது தின்னும் சிப்பி. நம் தூத்துக்குடியிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் இதன் இனத்தை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இதை உயிரோடு ஓடு பிளந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சையாகவே விழுங்குகிறார்கள். ஒருவர் குட்டையான கத்தியை ஓட்டின் இடுக்கில் செருகி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பித் திறந்துகொண்டிருந்தார். ஒன்றுக்குப் பத்து வினாடிகூட ஆகவில்லை. பன்னிரண்டு சிப்பிகள் ஐஸ் தட்டில் வந்தன. முதல் சிப்பியை மருமகனின் வற்புறுத்தலுக்காகத்தான் வாயில் போட்டேன். கடல் தண்ணீரின் உப்பு, பிறகு ஒரு சின்ன இனிப்பு, கடைசியில் எலுமிச்சையின் புளிப்பு. நான்காவதுக்கு நானே கை நீட்டினேன். மருமகன் ஒரு கோப்பை ஒயின் வாங்கினார். எனக்கு எலுமிச்சை சோடா. எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு ஒரு தட்டு. ஐந்தரை மணிக்குள் மேடையைச் சுற்றி ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. உள்ளே வெள்ளைத் துணி மேசைகள் எல்லாம் காலி.

அதற்குப் பிறகு விலைவாசி ஏறி, பல இடங்களில் ஒரு டாலர் என்பது ஒன்றரையாகவும் இரண்டாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் முறை அதேதான். அந்த முறைதான் நமக்குப் பாடம்.

இது பழைய முறைதான்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுக்கடைகளில் "இலவசச் சாப்பாடு" என்ற வழக்கம் இருந்தது. ஒரு பானம் வாங்கினால் மேடைமேல் இருக்கும் தீனியை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தீனியில் உப்பு தூக்கலாக இருக்கும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் அல்லவா? அந்தத் "தண்ணீர்" கடைக்காரரிடம் விலைக்கு இருந்தது. நம் ஊரில் சாக்கணா விற்பவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் சிப்பி ஏழையின் உணவு. நியூயார்க் துறைமுகத்தைச் சுற்றி மலை மலையாகக் கிடைத்தது. தெருவண்டிகளிலும் நிலவறைக் கடைகளிலும் மலிவாக விற்றார்கள். தாமஸ் டௌனிங் என்ற கறுப்பின வியாபாரி 1825இல் பிராட் தெருவில் ஒரு சிப்பிக் கடை திறந்தார். இருட்டு நிலவறையில் விற்ற அதே பண்டத்தை, கம்பளம் விரித்து விளக்கு ஏற்றிய கூடத்தில் வைத்துக் கண்ணியமாக விற்றார். விடியும் முன்பே படகில் போய், வரும் சிப்பிப் படகுகளை வழியிலேயே மறித்து, முதல் தரச் சரக்கைத் தமக்கென்று பொறுக்கி எடுத்துக்கொள்வாராம். வங்கிக்காரர்களும் பெரு வணிகர்களும் அவருடைய வாடிக்கையாளர்கள். 1866இல் அவர் இறந்தபோது நியூயார்க் வணிகர் சபை அன்று கதவை மூடி மரியாதை செய்தது. கொள்முதலில் கண் வைத்தவருக்குக் கிடைத்த பெருமை அது.

பிறகு நகரத்தின் கழிவுநீர் துறைமுகத்தில் கலந்தது. சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி. தண்ணீரில் உள்ள கேடு அதன் உடம்பில் ஏறும். 1927க்குள் நியூயார்க் துறைமுகத்தின் சிப்பிப் படுகைகள் எல்லாம் மூடப்பட்டன. வரத்து குறைந்தது, விலை ஏறியது, ஏழையின் உணவு பணக்காரரின் மேசைக்குப் போனது. இன்று பண்ணையில் வளர்க்கிறார்கள். விற்கும் அளவுக்கு வளர இரண்டு, மூன்று ஆண்டுகள்வரை ஆகும். இவ்வளவு அருமையான சரக்கை ஏன் ஒரு டாலருக்குத் தருகிறார்கள்?

காலி நாற்காலிக்கும் வாடகை உண்டு

ஓட்டலுக்கு மாத வாடகை உண்டு. சமையல்காரர் இரண்டு மணிக்கே வந்துவிடுகிறார். விளக்கு எரிகிறது, குளிர்பெட்டி ஓடுகிறது. இரவுக் கூட்டம் ஏழு மணிக்குத்தான் வரும். நான்கு மணி நாற்காலி காலியாகக் கிடந்தாலும் அதற்கு உரிய செலவு நடந்துகொண்டே இருக்கிறது. அரிசி மூட்டை இன்று விற்காவிட்டால் நாளை விற்கலாம். இன்றைய நான்கு மணி நாற்காலியை நாளை விற்க முடியாது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அதைவிட மோசம். இதைப் பழங்கஞ்சியாகக்கூட விற்க முடியாது.

இனி கணக்கைப் பார்ப்போம். இவை அந்த ஓட்டலின் பேரேட்டிலிருந்து எடுத்தவை அல்ல. விளங்குவதற்காக நான் போட்டுக்கொண்ட தொகைகள்.

இருவர் நான்கு மணிக்கு வந்து 12 சிப்பி சாப்பிடுகிறார்கள். வரவு 12 டாலர். சிப்பி ஒன்றின் கொள்முதல் 80 சென்ட் என்றால் 9.60 டாலர், ஐஸ், எலுமிச்சை, தொட்டுக்கொள்ளும் சாறு 1.20 டாலர், ஆக அசல் 10.80. சிப்பியில் மிச்சம் 1.20 டாலர்தான். திறக்கும் ஆளின் கூலியைச் சேர்த்தால் அதுவும் இல்லை. ஆனால் அவர்கள் இரண்டு கோப்பை ஒயின் வாங்குகிறார்கள். விற்பனை 28, அசல் 7, மிச்சம் 21. ஒரு தட்டு உருளைக்கிழங்கு: விற்பனை 10, அசல் 3, மிச்சம் 7. மொத்த மிச்சம் 29.20 டாலர். அந்த இருவர் வராவிட்டால் கிடைத்திருக்கக்கூடியது பூஜ்யம்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆளை இழுக்க ஒரு சரக்கு, லாபம் பார்க்க வேறு சரக்கு. நாமும் சர்க்கரையை அசலுக்கே கொடுத்து மஞ்சள், மிளகில் மிச்சம் பார்க்கிறோம். ஆனால் பாதிக் கணக்கு இன்னும் இருக்கிறது. நான் தவறவிட்டது அந்தப் பாதியைத்தான்.

வழக்கமாக ஏழு மணிக்கு வந்து, சிப்பிக்கு மூன்றரை டாலர் கொடுத்துவந்த இருவர், "நான்கு மணிக்கே போனால் என்ன?" என்று நேரத்தை மாற்றிக்கொண்டால்? அவர்கள் 12 சிப்பிக்கு 42 டாலர் கொடுத்திருப்பார்கள், 31.20 மிஞ்சியிருக்கும். இப்போது மிஞ்சுவது 1.20. நஷ்டம் 30 டாலர். புதிதாக வந்த இருவரால் 29.20 கிடைக்கிறது, நேரம் மாறிய பழைய இருவரால் 30 போகிறது. புதியவர் இருவருக்குப் பழையவர் இருவர் என்று நேரம் மாறினால், மேடை நிறைந்திருக்கும், கூச்சல் அமர்க்களப்படும், கல்லாவில் மட்டும் பணம் குறையும்!

ஆகவே விலை குறைப்பவர் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றே: புதிய ஆள் வர வேண்டும், முழு விலை கொடுப்பவர் அந்தப் பக்கம் சாயக் கூடாது, அதற்கு என்ன செய்வது? வயலுக்கு வேலி போடுவதுபோல, குறைந்த விலைக்கும் வேலி போட வேண்டும்.

நான்கு வேலிகள்

முதல் வேலி, நேரம். 3 மணி முதல் 6 மணி வரை. அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவரும், விருந்தினரை அழைத்து வருபவரும் அந்த நேரத்துக்கு வர இயலாது. வரக்கூடியவர்கள் மாணவர்கள், முறை வேலை செய்பவர்கள், என்னைப்போல வேலை ஓய்ந்த கிழவர்கள். சியாட்டில் நகரத் துறைமுகத்தில் உள்ள எலியட்ஸ் என்ற சிப்பி ஓட்டல் இதை இன்னும் நுட்பமாகச் செய்து பேர் பெற்றது. பிற்பகலில் முதலில் வந்தவருக்கு மிகக் குறைந்த விலையாக இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை விலை ஒரு படி ஏறியது. இரவுக் கூட்டம் நெருங்கும்போது சலுகை முடிந்துவிட்டது. கடை எவ்வளவு காலியோ அவ்வளவு மலிவு.

இரண்டாம் வேலி, இடம். மேடை நாற்காலியில் உட்காருபவருக்கு மட்டும் ஒரு டாலர். வெள்ளைத் துணி மேசையில் உட்கார்ந்தால் எந்த நேரமானாலும் முழு விலை. வசதியாக உட்கார்ந்து பேச விரும்புபவர் மேடைக்கு வர மாட்டார். பொட்டலம் கட்டிக் கொடுப்பதும் கிடையாது.

மூன்றாம் வேலி, சரக்கு. குளிர்பெட்டியில் ஆறேழு வளர்ப்பிடங்களின் சிப்பிகள் இருந்தன. ஒரு டாலருக்கு ஒரே வகைதான், அன்று கடைக்காரர் தேர்ந்தெடுத்தது. "எனக்கு அந்தப் பெரியது வேண்டும்" என்றால் முழு விலை. மற்றப் பண்டங்களில் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை.

நான்காம் வேலி, கூடவே ஒன்று வாங்க வேண்டும். பானம் ஒன்று வாங்கினால்தான் ஒரு டாலர் சிப்பி. என் எலுமிச்சை சோடாவும் கணக்கில் சேர்ந்தது. இங்கே ஒரு சட்ட விஷயமும் உண்டு. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் நேர்ந்த சாவுகளைக் கண்டு, நேரம் குறித்து மதுவின் விலையைக் குறைப்பதை 1984இல் தடை செய்துவிட்டார்கள். உணவின் விலையைக் குறைக்கத் தடை இல்லை. எனவே அங்கே கூட்டத்தை அழைக்கும் வேலை சிப்பியின் தலைமேல் விழுந்தது. ஒரு வழி அடைபட்டால் சட்டத்துக்கு உட்பட்ட வேறு வழியைத் தேடிக்கொள்வது வியாபாரியின் சாமர்த்தியம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இந்த நான்கு வேலிகளும் அந்த அளவைதான்.

சான் பிரான்சிஸ்கோவின் வாட்டர்பார் என்ற ஓட்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே சலுகைச் சிப்பியை ஒரு டாலர் 5 சென்ட் என்று விற்றார்கள். அந்த 5 சென்ட் தர்மக் காரியத்துக்கு. விற்பனையில் ஒரு துளியை மகமையாக எடுத்து வைத்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டிய வழியில் வந்தவர்கள் நாம். இதைக் கேட்டபோது எனக்கு ஊர் நினைவு வந்தது.

குறையக் கூடாத ஒன்று

விலை குறைந்தது. எது குறையவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

"காலையில் வந்த சரக்கு என்கிறீர்களே, எப்படி நம்புவது?" என்று சிப்பி திறப்பவரிடம் மருமகன் மூலமாகக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையில் கட்டியிருந்த ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். எந்த வளர்ப்பிடம், எந்த நாளில் எடுத்தது, யார் அனுப்பியது எல்லாம் அதில் இருந்தன. அமெரிக்க உணவுச் சுகாதார விதிப்படி, அந்தப் பை காலியான நாளிலிருந்து 90 நாள் அந்தச் சீட்டைக் கடையில் வைத்திருக்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு வந்தால், சீட்டைப் பிடித்துக்கொண்டு சிப்பி வந்த நீர்நிலைவரை போய்விடலாம். வந்து இறங்கும்போதே குளிர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். வாய் திறந்த சிப்பியைத் தட்டிப் பார்க்கிறார்கள். உயிருள்ளது மூடிக்கொள்ளும். மூடாதது குப்பைக்கு. எங்கள் கண் முன்னே இரண்டைத் தூக்கி எறிந்தார். ஒரு டாலர் சரக்குதானே என்று அவர் பார்க்கவில்லை.

பச்சைச் சிப்பியில் விப்ரியோ என்ற கிருமி இருந்தால் வயிற்றுப்போக்கு வரும். அதில் ஒரு வகை, ஈரல் நோய் உள்ளவரின் உயிரையே எடுத்துவிடும். ஒரு டாலர் கொடுத்தவரின் உயிரும் மூன்றரை டாலர் கொடுத்தவரின் உயிரும் ஒன்றே. "காசுக்கேத்த பணியாரம்" என்ற பழமொழி இங்கே செல்லாது. பணியாரம் சிறியதாக இருக்கலாம். ஊசிப்போனதாக இருக்கக் கூடாது. நாள் கடந்த சரக்கைத் தள்ளிவிடுவதற்குச் சலுகை என்று பெயர் வைப்பவர், புதிதாக வரும் வாடிக்கையாளருக்குத் தம் கடையின் மிக மோசமான முகத்தை முதலில் காட்டுகிறார். சலுகைக்கு வருபவர் நாளை முழு விலைக்கு வர வேண்டியவர் அல்லவா?

நான் சுட்டுக்கொண்ட கை

இப்போது என் கதை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடைக்கு எதிரே பெரிய கடை ஒன்று வந்தது. பயத்தில், கடலை எண்ணெயை லிட்டருக்கு 4 ரூபாய் அசலுக்குக் கீழே இறக்கினேன். காலை முதல் இரவு வரை, எல்லோருக்கும், எவ்வளவு கேட்டாலும். நேர வேலி இல்லை, அளவு வேலி இல்லை. என் பழைய வாடிக்கையாளர்கள், முழு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள், சந்தோஷமாகக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். டீக்கடைக்காரர்கள் டின் டின்னாகத் தூக்கிப் போனார்கள். எண்ணெய்க்கு வந்தவர்கள் எண்ணெயோடு போனார்கள். நாள்வழிக் கணக்கில் விற்பனை ஒன்றரை மடங்கு. நானும் மகிழ்ந்துபோனேன். மூன்றாம் மாதம் மொத்த வியாபாரிக்குத் தவணை கட்டக் கல்லாவில் பணம் இல்லை. மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. "வியாபாரம் நல்லா நடக்குதுன்னு சொன்னீங்களே?" என்று அவள் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் பாஸ்டனில், ஐஸ் தட்டின் முன்னே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குக் கிடைத்தது. நான் விலையைக் குறைத்தது புதியவருக்காக அல்ல. ஏற்கெனவே முழு விலை கொடுத்துக்கொண்டிருந்தவருக்காக.

ஊர் திரும்பியதும், இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் மகனிடம் பேசினேன். எங்கள் கடையில் பிற்பகல் 3 முதல் 5 வரை ஈ ஓட்டும் நேரம். காலையில் வரும் இட்லி மாவுப் பாக்கெட்டில் பத்துப் பாக்கெட் தினமும் மிஞ்சி, மறுநாள் புளித்துப்போகும். 3 முதல் 5 வரை, வேறு சாமான் 100 ரூபாய்க்கு வாங்குபவருக்கு, அன்று அரைத்த மாவு 10 ரூபாய் குறைவு என்று எழுதி வைத்தோம். ஆளுக்கு ஒரு பாக்கெட். அரைத்த தேதி தெரியும்படி ஒட்டியிருக்கும். 5 மணிக்கு மேல் யார் கேட்டாலும் முழு விலை. முதல் மாதம் மாலை வாடிக்கையாளர் சிலர் நேரம் மாறி வந்தார்கள். பெரும்பாலோர் மாறவில்லை, வேலைக்குப் போகிறவர்களுக்கு முடியாதே! பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை அழைத்துப் போகும் தாய்மார்கள் புதிதாக வந்தார்கள். கல்லா நிரம்பி வழிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். மிஞ்சும் பாக்கெட் பத்திலிருந்து மூன்றானது. அந்தத் தாய்மாரில் சிலர் இப்போது மாதச் சாமானுக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள்.

நாம் செய்து பார்க்க வேண்டியவை

1. ஒரு நோட்டில் ஏழு நாள், மணிக்கு எத்தனை பேர் கடைக்கு வருகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். எது காலி நேரம் என்பது அப்போது தெரியும். நாம் மனத்தில் நினைத்திருப்பதும் நோட்டு சொல்வதும் பல சமயம் வேறாக இருக்கும்.

2. நாள் கடந்தால் வீணாகும் சரக்கு எது, கெடாத சரக்கு எது என்று பிரித்து எழுதுங்கள். கெடாத சரக்கின் விலையை அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம். அது நாளைக்கும் விற்கும்.

3. குறைக்கும் முன் இரண்டு கணக்கும் போடுங்கள். புதிதாக ஒருவர் வந்தால் எவ்வளவு மிச்சம்? பழையவர் ஒருவர் குறைந்த விலைக்கு மாறினால் எவ்வளவு நஷ்டம்? இரண்டாவது தொகையை எழுதாமல் விலைப் பலகையைத் தொடாதீர்கள்.

4. நேரம், அளவு, சரக்கு, கூடவே வாங்குவது என்று வேலிகளை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். முகம் பார்த்து ஆளுக்கொரு விதி வேண்டாம். உறவுக்காரருக்கும் அதே விதிதான். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம்; அதற்குக் கீழே எவ்வளவு குறைப்பது என்பது நம் கையில்.

5. சலுகைச் சரக்கின் தேதியை மறைக்காதீர்கள். கேட்பவருக்குக் காட்டும் சீட்டு கையில் இருக்கட்டும்.

6. ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள். விற்பனைத் தொகையைப் பார்க்காமல், கொள்முதல் போக மிஞ்சிய பணத்தைப் பாருங்கள். மிஞ்சவில்லை என்றால் வெட்கப்படாமல் நிறுத்திவிடுங்கள்.

அன்று ஐந்தே முக்காலுக்கு நாங்கள் எழுந்தோம். ஆறு மணி அடிக்கும்போது ஒரு பணியாள் அந்தப் பலகையை எடுத்து உள்ளே வைத்தார். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்த இளைஞர்கள் இருவர், "ஐந்து நிமிடம்தானே?" என்று கேட்டார்கள். அவர் சிரித்த முகத்தோடு, "நாளை மூன்று மணிக்கு வாருங்கள்" என்றார். அவர்கள் முழு விலை கொடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் சிரித்த முகமும், அந்த உறுதியும் நமக்கும் வாய்க்கட்டும்.